கத்தாமல் நிறுத்தியவர்

செய்தி சொன்னவருக்கு லோகநாதனைத் தெரியாது. பெரகலப் பக்கத்து ஆட்டோக்காரர். சட்டையிலிருந்த நம்பரைப் பார்த்து எல்லயில் உள்ள எங்கள் சைக்கிள் கடைக்குப் போன் எடுத்திருந்தார்.

"எல்ல சைக்கிள் கடையா? உங்க கடை பேர் போட்ட டீ-ஷர்ட்டோட ஒருத்தர் இங்க மதகுல உக்காந்திருக்காரு. எழுப்புனா எந்திரிக்கல."

நான் வழக்கம்போல எரிந்து விழுந்தேன். "எந்திரிக்கலன்னா என்னாங்க அர்த்தம்? மயக்கமா, தூக்கமா? சரியாச் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அங்க பெரியவங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இருதயம் என்று டாக்டர் சொன்னார். லோகு அண்ணனுக்கு வயது நாற்பத்தொன்று. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய லயத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தபோது வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "அந்தச் சைக்கிள்தான் ஆளைக் கொன்னுடுச்சு." அவரைத் தெரிந்த உங்களில் சிலரும் இதைச் சொன்னீர்கள், என் காதில் விழுந்தது. அவருடைய அப்பாவும் இதே வயதில், இதே நோயில் போனவர். அவர் போனது கட்டிலில். கட்டிலை யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

இதை எழுதச் சொன்னது கமலா அண்ணி, அவருடைய மனைவி. "நீ அவரைத் தெய்வமாக்கிறாத தம்பி, உள்ளத எழுது. உனக்கு அது மட்டுந்தானே வரும்" என்றார். பாராட்டா, திட்டா என்று கேட்கவில்லை.

உள்ளதைச் சொல்வதென்றால் இதிலிருந்து தொடங்க வேண்டும்: மெக்கானிக் என்ற முறையில் லோகு அண்ணன் சுமார்தான். நான் பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு அந்தக் கடையில் சேர்ந்தபோது அவர் அங்கே பழைய ஆள். ஆனால் சக்கரத்தின் கோணலை எடுப்பதில் என் வேலை அவருடையதைவிடச் சுத்தம். போல்ட்டை அளவறிந்து முறுக்குகிற கருவியை அவர் கடைசிவரை நம்பவில்லை. மணிக்கட்டை ஆட்டிக் காட்டி, "இதுக்கு பேட்டரி தேவையில்லடா" என்பார். "அதுக்கும் பேட்டரி இல்லண்ணே, அது வெறும் ஸ்பிரிங்" என்று நான் சொன்னால், "பாத்தியா, ஸ்பிரிங்கும் கழண்டுரும்" என்று சிரிப்பார். தினமும் இதே சண்டை. தினமும் நான்தான் சரி. இப்போதும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயமென்று புரியும்.

அவருடைய சைக்கிள் ஒரு கலப்படம். சுற்றுலாப் பயணிகள் விட்டுவிட்டுப் போனவை, உடைத்துக்கொண்டு வந்தவை, கடையில் கழித்துப் போட்டவை என்று சேர்த்து அவரே கட்டியது. முன் கவட்டை நீலம், சட்டம் சிவப்பு, கைப்பிடியில் சுற்றிய நாடா இரண்டு பக்கமும் இரண்டு நிறம். வளைந்த கைப்பிடி வைத்த ரோட் சைக்கிள் என்று அதைச் சொன்னால் வெளிநாட்டுக்காரர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். பௌர்ணமிப் போயா லீவு வந்தால் அவர் அதில் ஒரு சுற்றுப் போவார். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி, கொஸ்லந்த வழியாகப் பெரகலவுக்கு ஏறி, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று திரும்ப எல்ல. மோட்டார் சைக்கிளில் போய் வந்தாலே இடுப்பு விட்டுப்போகும் பாதை அது. அவர் சட்டைப் பின் பைகளில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டி வைத்துக்கொண்டு கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் வீட்டில் நிற்பார்.

நம்பாமல் ஒருமுறை கடை மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். கொஸ்லந்தவுக்கு மேலே மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற இடத்தில் சிமெந்து ஏற்றிய ஒரு லொறி முனகிக்கொண்டு போனது. லோகு அண்ணன் அதன் பின்னால் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச தூரம் கூடவே போனார். பிறகு இருக்கையிலிருந்து எழும்பாமல், தோளும் ஆடாமல், அதைக் கடந்து போனார். லொறிக்காரர் ஹார்ன் அடிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கோவில் தேர் போகும்போது கும்பிடுவதுபோல நெற்றிக்குக் கொண்டுபோனார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு கால், ஒரு சங்கிலி, அவ்வளவுதான் இயந்திரம். அதிலிருந்து எவ்வளவு சக்தி வரும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். போட்டும் பார்த்தேன். கணக்குச் சரியாக வந்தது. வியப்பு மட்டும் குறையவில்லை.

அதற்கு மேலே ஒரு மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒரு அம்மா கூப்பிட்டார்: "ஏய் சைக்கிளு! சும்மாதான போற, இந்தக் கூடையையும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல போட்டுட்டுப் போயேன்!"

அந்த ஏற்றத்தில் அவருக்குப் பேச மூச்சு இருந்தது. "கூடைய ஏத்தலாங்க! கூடவே ஒங்க கங்காணியும் ஏறிக்குவாரே, டயரு வெடிச்சிருமே!"

மலை முழுக்கச் சிரித்தது. கங்காணியும் சிரித்தார். மோட்டார் சைக்கிளில் சும்மா உட்கார்ந்து போன எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"ஏத்தத்துல நம்ம யாருன்னு ஊருக்குத் தெரியும். எறக்கத்துலதான் நமக்குத் தெரியும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். பஸ்ஸில் எழுதி ஒட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று நான் கேலி செய்வேன். ஒரு ஜேர்மன்காரர் கடைக்கு வந்துபோன பிறகு கேலி செய்யவில்லை.

அவர் வயதான மனிதர். தனியாக, பழைய இரும்புச் சைக்கிளில் மூட்டை முடிச்சுகளோடு இலங்கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிரேக் வயர்கள் நைந்துவிட்டன, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று காலையில் வந்தார். நான் வேறொரு சைக்கிளில் இருந்தேன். லோகு அண்ணன் மாற்றிக் கொடுத்தார். ஜேர்மன்காரர் கடை வாசலில் ஒரு வட்டம் அடித்துப் பார்த்தார், பிரேக் பிடித்தது, கையசைத்துவிட்டுப் போனார். வெல்லவாயப் பக்கம். அதாவது கடையை விட்டு வெளியேறியதும் கீழ்நோக்கி, மலை அடிவாரம்வரை ஏறக்குறைய ஒரே இறக்கம்.

லோகு அண்ணன் அடுத்த சைக்கிளை எடுத்துத் தாங்கியில் மாட்டினார். அதற்கும் பிரேக் வயர்தான். புது வயரை வலது கைப் பிடியில் கோத்து முன் சக்கரத்துக்குக் கொண்டுவந்தவர் அப்படியே நின்றார்.

"தம்பி. அந்தப் பெரியவருக்கு எந்தக் கை முன்னுக்கு இருந்துச்சு?"

சைக்கிளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் நாட்டில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். மோட்டார் சைக்கிளிலும் முன் பிரேக் வலது கையில்தான். பிறந்ததிலிருந்து எங்கள் கைக்கு அதுதான் தெரியும். ஜேர்மனியில் பெரும்பாலும் தலைகீழ். அவர்களுக்கு வலது கை பின் பிரேக். லோகு அண்ணன் புது வயரை யோசிக்காமல் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் போட்டுவிட்டார்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடிக்கும்வரை அது பெரிய விஷயமில்லை. வாசலில் வட்டம் அடித்தபோது அவருக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான். ஆனால் ஈர ரோட்டில், வளைவில், எதிரே பஸ் வந்து திடுக்கிட்டால் பழகிய கை பின் பிரேக் என்று நினைத்து வலப் பக்கத்தை இறுக்கும். பூட்டிக்கொள்வது முன் சக்கரம். அவ்வளவு மூட்டையோடு அந்த இறக்கத்தில் முன் சக்கரம் பூட்டினால் சைக்கிள் படுத்துவிடும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளத்தாக்கு. அன்று காலையில் மழையும் பெய்திருந்தது.

"போன் நம்பர் இருக்கா?" என்றார். இருந்தது. நான் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூட்டைக்குள் எங்கேயோ கிடந்திருக்கும்.

"வண்டிய எடு" என்றார். நான் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடி எடுத்து வாசலுக்கு வந்தபோது அவருடைய கலப்படச் சைக்கிள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்பு இரண்டும் கடை வாசலில் கிடந்தன. அந்தச் சைக்கிளின் பெடல் அதற்கென்று உள்ள சப்பாத்தின் அடியைக் கவ்விப் பிடிப்பதற்காகச் செய்தது. சிறிய இரும்புத் துண்டு, விளிம்பெல்லாம் கூர். அதை அவர் வெறுங்காலால் மிதித்துக்கொண்டு போனார்.

நான் ஒரு மோட்டார் சைக்கிளில் இருந்தேன் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை. நேர் ரோட்டில் நெருங்குவேன், வளைவில் அவர் காணாமல் போவார். மார்பு கைப்பிடியைத் தொடும்படி குனிந்திருந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரே ஒரு தடவை பிரேக்கைத் தொடுவார். பிறகு சைக்கிளைச் சாய்த்துவிட்டால் வளைவு முடியும்வரை கை அசையாது. எங்கே தண்ணீர் தேங்கி நிற்கும், எங்கே தார் பெயர்ந்திருக்கும் என்று ரோடே அவருக்கு முன்கூட்டிச் சொல்வதுபோல இருந்தது. பயந்து ஓடுகிறவர் மாதிரி இல்லை. அவசரம் முழுவதும் சைக்கிளுக்குத்தான், அவருக்கு இல்லை. நான் பார்த்த எந்த மனிதரும் எந்த வேலையையும் அவ்வளவு முழுமையாகச் செய்ததில்லை.

நீர்வீழ்ச்சிப் பாலத்தில் வேன்களும் ஆட்டோக்களும் படம் எடுக்கிற கூட்டமும் குரங்குகளும் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அவர் அந்த இடுக்குக்குள் புகுந்து போய்விட்டார். நான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹார்னை அழுத்தியபடி எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். வழி கிடைத்து இரண்டு மூன்று வளைவு கடந்ததும் தூரத்தில் இரண்டு சைக்கிள்களும் தெரிந்தன.

பிடித்துவிட்டார். பள்ளத்தாக்குப் பக்கம் தான் வருகிற மாதிரி ஜேர்மன்காரருக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஹார்னை அடித்து, "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தும் விட்டேன். மோட்டார் சைக்கிள் சத்தத்திலேயே நான் வருவது லோகு அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, உள்ளங்கையை ரோட்டைப் பார்த்து விரித்துப் பிடித்தார். சத்தம் போடாதே.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தினால் அந்த மனிதர் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் பிரேக்கை இறுக்குவார். எந்தக் கையால் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவரைக் காப்பாற்றப் போன நானே அவரைப் பள்ளத்தில் தள்ளியிருப்பேன்.

ஹார்னிலிருந்து விரலை எடுத்தேன். பின்னாலேயே மெதுவாகப் போனேன். லோகு அண்ணன் பேசிக்கொண்டு போனார். அவருடைய இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும், மூன்று சொல்லும் ஒரு சிரிப்பும். காற்றில் பாதிதான் கேட்டது. "ஓல்ட் பைசிக்கிள், வெரி நைஸ்." "மை பைசிக்கிள், ஆல் கன்ட்ரி." அந்தப் பெரியவர் சிவப்பு நீலச் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வளைவுக்கு முன்னால் லோகு அண்ணன் கொஞ்சம் முந்திப் போய், நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மெல்ல ஆட்டி வேகத்தைக் குறைத்தார். முன்னால் போகிறவர் நிதானமாகக் குறைத்ததால் பின்னால் வந்தவரும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நிதானமாகப் பிடித்தார். அதற்கப்பால் ரோடு கொஞ்சம் மேலே ஏறுகிற இடத்தில் ஒரு செவ்விளநீர்க் கடை. "தம்பிலி! குட்! கம்!" என்று அதைக் காட்டினார். ஏற்றத்தில் சைக்கிள்கள் தாமாகவே ஓய்ந்து நின்றன.

பெரியவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். லோகு அண்ணன் தம்முடைய சைக்கிளைப் பாறையில் சாத்திவிட்டு வந்து அவருடைய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகுதான் வாயைத் திறந்தார். அவருடைய முதல் வாக்கியம் இதுதான்: "சேர், மை மிஸ்டேக்."

விளக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு வலது பிரேக்கை அழுத்திக் காட்டினார். முன் சக்கரம் நின்றது. அந்த மனிதர் அதைப் பார்த்தார், வந்த பாதையைப் பார்த்தார், பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு கத்தினார். நன்றி சொல்லிக் கட்டிப்பிடித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். "நீ என்னைக் கொன்றிருப்பாய்" என்று இளநீர்க் கடைக்காரர் வெளியே ஓடிவரும்படி கத்தினார்.

"யெஸ் சேர்" என்றார் லோகு அண்ணன்.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, நீங்க எப்படி வந்தீங்கன்னு அவருக்குச் சொல்லுங்க. கால்ல பாருங்க, ரத்தம்."

"நீ சும்மா இரு. அவரு பயந்து போயிருக்காரு, கத்தட்டும். கத்துனாத்தான் கை நடுக்கம் நிக்கும்."

பெரியவர் கத்தி முடித்தார். இளநீர் குடித்தார். லோகு அண்ணன் இருக்கைக்குக் கீழே மாட்டியிருந்த பையிலிருந்து சாவிகளை எடுத்து அங்கேயே இரண்டு வயரையும் கை மாற்றிக் கோத்தார். இரண்டு போல்ட்டையும் நான் முறுக்கினேன். அவர்தான் முறுக்கச் சொன்னார். பிறகு அந்தச் சைக்கிளில் தானே ஏறி இறக்கத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். அதோடும் விடவில்லை. வெல்லவாயவில் சமதரை வரும்வரை பெரியவருக்கு முன்னால் போய் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். காலில் என் கைலேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வருவது எல்லாம் ஏற்றம். மோட்டார் சைக்கிளில் ஏறுங்கள் என்றேன். "தப்பு பண்ணவன் ஏறித்தான் வரணும்" என்று சிரித்தார். தண்டனையாக அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு ஏற்றம் பிடிக்கும், அவ்வளவுதான்.

முதலாளிக்கு இது தெரியவந்திருக்காது. எல்லயில் ஒரு வெளிநாட்டுக்காரர் இணையத்தில் நாலு வரி எழுதினால் கடையை மூட வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊரில் தன் தவறைத் தானே கொண்டுபோய்ச் சொல்கிறவர் யாரும் இல்லை. லோகு அண்ணன் மத்தியானம் திரும்பி வந்ததும் நேரே முதலாளியிடம் போனார். முதலாளி சிங்களத்தில் கத்தினார். இவர் சிங்களத்தில் கேட்டுக்கொண்டார். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றே நான் நினைத்தேன். கடைசியில் முதலாளி, "இதை என்னிடம் ஏன் சொன்னாய்? சொல்லாமல் இருந்திருக்கலாமே" என்றார், தாங்க முடியாதவர்போல. லோகு அண்ணன், "சொல்லலன்னா நாளைக்கு இவன் அதே தப்பைப் பண்ணுவான், மஹத்தயா" என்று என்னைக் காட்டினார். எனக்கு ஆத்திரம் வந்தது. நான் பண்ணமாட்டேன் என்றேன். "இன்னைக்குக் காலையில நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து கடையில் ஒரு வழக்கம் வந்தது. வயர் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், சைக்கிளை எடுக்க வருகிறவரை அதில் ஏறி உட்காரச் சொல்வார். முன் சக்கரத்தை முழங்காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு கேட்பார். எந்தக் கை முன் பிரேக் என்று கேட்கமாட்டார். அதற்கு எல்லோரும் படித்ததைச் சொல்வார்கள். அவர் கேட்டது: "பயந்துட்டீங்கன்னா எந்தக் கைய இறுக்குவீங்க?" தமிழில், சிங்களத்தில், அந்த மூன்று சொல் இங்கிலீஷில். கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு தங்கள் கைகளையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நிறையப் பேருக்கு அது தெரியாது. தெரியாதென்பதும் அந்த நிமிடம்வரை தெரியாது.

கமலா அண்ணி, நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்கள், அவருடைய சைக்கிளை நீ எடுத்துக்கொள்கிறாயா என்று. வேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அவர் இறங்கியதுபோல என்னால் இறங்க முடியாது. முயன்றால் எனக்கும் ஒரு பந்தல் போட வேண்டிவரும். அந்த ஏற்றமும் எனக்கு வராது. இரண்டும் அவரோடு போகட்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை. போன கிழமை ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் வாடகைச் சைக்கிள் எடுக்க வந்தாள். ஏறி உட்காரச் சொல்லி முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் வலது கையைத் தூக்கினாள், இறக்கினாள், இடது கையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். வாசலில் மூன்று பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் அவளை அவசரப்படுத்தவில்லை. சக்கரத்தைப் பிடித்தபடி நின்றேன்.